அந்தத் தீவைப் பற்றி

புதுச்சேரி

தம்பிக்கு,

அம்மா எழுதுகிறேன். அப்பாவுக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. உன் அலமாரியைத் துடைக்கும்போது ‘லைஃப் ஆஃப் பை’ நாவல் கிடைத்தது, கப்பல் மூழ்கி ஒரு புலியோடு படகில் கடலில் தத்தளித்த நம் ஊர்ப் பையன் கதை. 2012-இல் படம் வந்தபோது, நம் தாவரவியல் பூங்காவைக் காட்டுகிறார்கள் என்று எங்களை இழுத்துக்கொண்டு போனாயே! அந்தப் பையன் ஒதுங்கும் தீவு வரும் பக்கத்தின் ஓரத்தில் பென்சிலால் ‘சுத்தப் புளுகு’ என்று எழுதி வைத்திருக்கிறாய்.

கப்பல் மூழ்கியதை விசாரிக்க வந்த ஜப்பான்காரர்களும் நம்பவில்லைதான். ஆனால் மிருகங்களுக்குப் பதில் மனிதர்களை வைத்துப் பையன் சொல்லும் இரண்டாவது கதையைக் கேட்டதும் அவர்களே ஜோடி சேர்க்கிறார்கள்: வரிக்குதிரை மாலுமி, கழுதைப்புலி சமையல்காரன், உராங்குட்டான் தாய், புலி அந்தப் பையனே. தீவு எது என்றுதான் விழிக்கிறார்கள். மனித மாமிசம் தின்ற குற்றவுணர்வு என்பவர்கள் உண்டு, சொகுசான பக்தி என்பவர்களும் உண்டு. எனக்கு இரண்டுமே ஒட்டவில்லை.

அந்தத் தீவில் என்ன குறை? தின்னப் பாசி, குளம் குளமாக நல்ல தண்ணீர், கீரி மாதிரி, பயமே அறியாத மீர்கேட் கூட்டம். செத்துப் பிழைத்தவன் உடம்பு தேறி நடக்கிறான். இரவில்தான் தரை அமிலமாகிறது. ‘எல்லாம் இருக்கிறதம்மா’ என்று நீ போனில் சொல்லும்போது... சரி, விடு. நேரத்துக்குத் தூங்கு. உன் ஊர் விடிகாலை மூன்று மணிக்கும் வாட்ஸ்அப்பில் விழித்திருக்கிறாய்.

அது தெரியாமலே அவன் இரவில் மரத்தில் ஏறிப் படுத்துக்கொள்கிறான். பழம் என்று பறித்ததை இலை இலையாக உரிக்கிறான், நடுவே ஒரு மனிதப் பல். எல்லாவற்றையும் உரித்தால் 32. முன்பே ஒருவர் அங்கே வந்து, வசதியாகத் தங்கி, பேச ஆளில்லாமல் செத்திருக்கிறார். அதன் பிறகு அவனுக்கு அங்கே இருப்புக்கொள்ளவில்லை. அப்போதும் புலியை விட்டுவிட்டுப் போக மனமில்லாமல், அது படகில் ஏறும்வரை காத்திருக்கிறான். அந்த இடத்தில் நான் அழுதுவிட்டேன். அப்பா சிரிக்கிறார்.

முத்தியால்பேட்டையில் உன் வேலையைப் பற்றி நான் பெருமை அடிக்காத வீடில்லை, சம்பளத்தைக் கொஞ்சம் கூட்டியே சொல்கிறேன். நீயோ தீபாவளிக்கும் வரவில்லை, பொங்கலுக்கும் வரவில்லை. இரண்டு வரி எழுதவும் உனக்குக் கை வரவில்லை.

தூக்கம் முக்கியம், தம்பி. ராத்திரியில் காபி குடிக்காதே.

மாசி மகத்துக்கு வைத்திக்குப்பத்தில் சாமிகள் கடலுக்கு வரும். டிக்கெட் விலை ஏறுமுன் போட்டுவிடு. யாரையும் அங்கே விட்டுவிட்டு வர வேண்டாம், கூட்டிக்கொண்டே வா. அப்பாவை நான் பார்த்துக்கொள்கிறேன்.

அம்மா