வில்ஹெல்மாவுக்குப் பிள்ளைகளைக் கூட்டிப்போகும் ஸ்ருட்காட் தமிழ்ப் பெற்றோருக்கு

அன்பான அம்மா அப்பாமாருக்கும் தமிழ்ப் பாடசாலை ஆசிரியர்களுக்கும்,

கோடை விடுமுறை வந்தால் எங்களில் பலர் பிள்ளைகளோடு வில்ஹெல்மா மிருகக்காட்சிசாலைக்குப் போகிறோம். நல்ல விஷயம். ஆனால் உள்ளே நுழைந்ததுமே கொரில்லா எங்கே என்று பிள்ளைகளை இழுத்துக்கொண்டு ஓடுகிறோம், நடுவில் இருக்கிற, செடிகள் வளர்க்கும் கண்ணாடி வீடுகளையும் தோட்டத்தையும் ஒருவரும் நின்று பார்ப்பதில்லை. தயவுசெய்து இதை மாற்றுங்கள்.

அந்த இடம் தொடங்கியதே தோட்டமாகத்தான். வூர்ட்டம்பேர்க் அரசர் முதலாம் வில்ஹெல்ம் 19ஆம் நூற்றாண்டின் நடுவில் மூரிய பாணியில் (ஸ்பெயினின் பழைய முஸ்லிம் அரண்மனைகளைப் போல) மாளிகையும் கண்ணாடி வீடுகளும் கட்டுவித்தார். மிருகங்கள் வந்தது இரண்டாம் உலகப்போருக்குப் பிறகு. 1944 குண்டுவீச்சில் பெரும்பகுதி அழிந்துபோக, சனங்களைத் திரும்ப வரவைக்க அப்போதைய இயக்குநர் அல்பேர்ட் ஷொக்லே தற்காலிகக் கண்காட்சி என்று சொல்லி மிருகங்களைக் கொண்டுவந்தார், கண்காட்சி முடிந்த பிறகும் அவற்றை அங்கேயே வைத்துக்கொண்டார். மீன் காட்சியகம் 1967இல்தான் திறந்தது. இந்தக் கதையைச் சொல்லிக்கொண்டே நடந்தால் பெரிய பிள்ளைகளும் காது கொடுப்பார்கள்.

மூரியத் தோட்டத்துக் குளத்தில் கட்டாயம் நில்லுங்கள். சரஸ்வதி படத்தில் மட்டும் தாமரையைப் பார்த்த பிள்ளைகள் அங்கே உண்மையான தாமரையைப் பார்க்கலாம், இலையில் விழுந்த தண்ணீர் ஒட்டாமல் உருண்டோடுவதைக் காட்டலாம். பக்கத்திலேயே அமேசன் ராட்சத அல்லி. அதன் இலை இரண்டு மீற்றர் அகலம்கூட வரும், அடிப்பக்கம் முழுக்க நரம்பும் முள்ளும். பூ முதல் இரவு வெள்ளையாக விரிந்து வாசத்தால் வண்டுகளை இழுக்கும், பிறகு மூடி அவற்றை உள்ளேயே வைத்திருந்து, அடுத்த நாள் மாலை இளஞ்சிவப்பாகத் திறந்து மகரந்தத்தோடு அனுப்பிவிடும். எந்த மிருகத்தின் கதைக்கும் இது குறைந்ததா?

பங்குனி, சித்திரையில் போகிறவர்கள் மக்னோலியாத் தோப்பை விடாதீர்கள். அல்ப்ஸ் மலைக்கு வடக்கே இதைவிடப் பெரிய தோப்பு இல்லை, அதில் சில மரங்கள் அந்த அரசர் காலத்தவை. மக்னோலியா இனம் தேனீக்கள் வருவதற்கு முன்பே பூமியில் இருந்தது என்று சொன்னால் எட்டு வயதுப் பிள்ளையும் வாயைப் பிளக்கும்.

மீன் காட்சியகத்தில் ஒன்றே ஒன்று: கண்ணாடியைத் தட்ட விடாதீர்கள். தட்டுவது தண்ணீருக்குள் பலமாகக் கேட்கும், மீன்கள் மிரளும்.

அப்புறம், பாடசாலை ஆசிரியர்களே, அடுத்த சுற்றுலாவை ஓகஸ்ட்டில் வையுங்கள், அல்லி இலைகள் நன்றாகப் பெருத்திருக்கும். காலையில் முதல் வேலையாகக் குளத்துக்குப் போவோம், மிருகங்களை மத்தியானமும் பார்க்கலாம். சின்னப் பிள்ளைகளின் குழுவை என்னிடம் விடுங்கள், U14 ரயிலில் ஏற்றிக் கொண்டுவருவது என் பொறுப்பு.