கடல் அடித்தால் ஒரு பேச்சு, அப்பா அடித்தால் ஒரு பேச்சு

அன்பு மாப்ளே,

உன் கடிதம் கிடைத்தது. மகளுக்குக் காலேஜில் இடம் கிடைத்ததைப் படித்து வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். இங்கே வெயில் மண்டையைப் பிளக்கிறது. பண்ருட்டிப் பலா தெருவுக்குத் தெரு குவிந்து கிடக்கிறது. சரி, நீ கேட்டதற்கு வருகிறேன். "உனக்கு என்னடா குறை, எதுக்கு மனநல டாக்டர்?" என்று எழுதியிருந்தாய். கடைசிப் பக்கத்தில் அக்கா மகனைப் பற்றி நாலு வரி. எனக்கென்னவோ அந்த நாலு வரிக்காகத்தான் மொத்தக் கடிதமும் எழுதினாய் என்று படுகிறது.

நான் போவது புதுச்சேரிக்கு. கடலூரிலேயே டாக்டர்கள் இருக்கிறார்கள். ஆனால் மஞ்சக்குப்பத்தில் எந்த கிளினிக் வாசலில் உட்கார்ந்தாலும் தெரிந்த முகம் ஒன்று வந்து "என்ன சார் இங்க?" என்று விசாரிக்கும். புதுச்சேரி பஸ் ஏறுகிறவனை யாரும் எதுவும் கேட்பதில்லை, எதற்குப் போகிறான் என்று அவர்களே முடிவு செய்துகொள்வார்கள். திரும்பும்போது ஆல்பேட்டை செக்போஸ்ட்டில் பையைத் துழாவுகிற போலீஸ்காரருக்குத்தான் ஏமாற்றம், உள்ளே இருப்பது ஒரு நோட்டு. குடிக்கப் போகிறான் என்று நினைத்தால் பரவாயில்லை, மனநல டாக்டரிடம் போகிறான் என்று மட்டும் தெரியக்கூடாது! நம் ஊர் மானம் மரியாதை அந்த லட்சணத்தில் இருக்கிறது.

அப்பாவின் பெல்ட்டை உனக்குத் தெரியும். அரைக்கால் சட்டைக்குக் கீழே இருந்த தடிப்புகளைப் பார்த்து நீ கேட்டாய், சைக்கிளிலிருந்து விழுந்தேன் என்றேன். நீ நம்பவில்லை என்பதும் எனக்குத் தெரியும். அவர் போய்ச் சேர்ந்து எவ்வளவோ காலமாகிவிட்டது. இருந்தும் வாசலில் யாராவது சைக்கிள் ஸ்டாண்டு போடுகிற சத்தம் கேட்டால் எனக்கு வயிறு இறுகும், கை சில்லிட்டுவிடும். ஆபீசில் யாராவது குரலை உயர்த்தினால் வாய் திறக்காது. விடியற்காலை மூன்று மணிக்கு விழிப்பு வந்தால் அவ்வளவுதான். இதெல்லாம் என் சுபாவம் என்றே இருந்தேன்.

டாக்டர் செர்ட்ராலின் என்று மனப் பதற்றத்துக்கான மாத்திரை எழுதினார். அது பிடிபடவே சில வாரங்கள் ஆயின. பேசுவதற்கு ஒரு சைக்காலஜிஸ்ட் அம்மாவிடம் அனுப்பினார். போனதும் நடந்ததையெல்லாம் கொட்டச் சொல்வார் என்று பயந்துகொண்டே போனேன். அவர் கேட்கவே இல்லை. பாதம் தரையில் படுவதைக் கவனி, கண்ணில் படுகிற ஐந்து பொருளின் பெயரைச் சொல், மூச்சை நீளமாக விடு, இதுதான் வாரக்கணக்கில். எல்கேஜி பாடம் மாதிரி இருக்கிறதே என்று எரிச்சல் வந்தது. பதறுகிற உடம்பை அடக்கத் தெரியாமல் பழசைக் கிளறினால் அது நினைவாக வராது, மறுபடியும் அடி வாங்குவதாகவே இருக்கும் என்றார். அப்புறம்தான் எரிச்சல் போனது.

மூளையில் அமிக்டலா என்று பாதாம் பருப்பு போல ஒரு பகுதி இருக்கிறதாம். நாம் யோசித்து முடிக்கும் முன்பே ஒரு சத்தத்தை, வாசனையை வைத்து ஆபத்து என்று உடம்பை உசுப்பிவிடும். எதிர்க்கவும் முடியாமல் ஓடவும் முடியாமல் நிற்கிற பிள்ளைக்கு மிச்சமிருக்கிற ஒரே வழி, உறைந்துபோவது. "கோழை இல்ல சார், அன்னைக்கு உங்களைக் காப்பாத்தினதே அதுதான்" என்று அவர் சொன்னபோது என்னால் வெகுநேரம் பேச முடியவில்லை.

வியட்நாம் போரிலிருந்து திரும்பிய சிப்பாய்களின் அவஸ்தைக்குப் பிறகு, 1980-இல் அமெரிக்க மனநல மருத்துவர்கள் தங்கள் நோய்ப் பட்டியலில் பிடிஎஸ்டியை, அதாவது பெரிய அதிர்ச்சிக்குப் பிறகு விடாமல் தொடர்கிற மனப் பாதிப்பை, சேர்த்தார்கள். வீட்டுக்குள் ஆண்டுக்கணக்கில் அடிபடுகிறவர்களுக்கு வருகிற சிக்கலான வகை உலக சுகாதார நிறுவனத்தின் பட்டியலில் நடைமுறைக்கு வர 2022 ஆயிற்று. வீட்டு அடிக்கு எப்போதும் கடைசி வரிசைதான்.

நீயே யோசித்துப் பார். 2004-இல் சுனாமி வந்தபோது தேவனாம்பட்டினத்து ஜனங்களிடம் எல்லோரும் ஓடினோம். அலைச் சத்தம் கேட்டாலே நடுங்கிய பிள்ளைகளிடம் யாரும் "கடல் உன் நல்லதுக்குத்தான் அடிச்சுது" என்று சொல்லவில்லை. என்னிடம் இன்றைக்கும் சொல்கிறார்கள். அடி உதவுகிற மாதிரி அண்ணன் தம்பி உதவமாட்டான் என்று சித்தப்பா கூசாமல் சொல்வார். செத்தவரை மன்னித்துவிடு என்பது அத்தையின் பங்கு. மன்னிப்பதும் விடுவதும் என் இஷ்டம், சிகிச்சைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று அந்த சைக்காலஜிஸ்ட் அம்மா சொல்லிவிட்டார். அப்பாவும் அவருடைய அப்பாவிடம் வாங்கியவர்தான், எனக்குப் புரிகிறது. புரிந்ததால் அவர் செய்தது சரி என்றாகிவிடாது. தை அமாவாசைக்கு வழக்கம்போல சில்வர் பீச்சில் எள்ளும் தண்ணீரும் விட்டேன். மன்னிக்கவில்லை. இரண்டும் ஒன்றாக இருக்க முடிகிறது மாப்ளே.

இப்போது பையன் விஷயம். திடீரென்று திக்குகிறான், ராத்திரி அலறுகிறான், அவன் அப்பன் கை நீட்டுகிறான் என்று எழுதிவிட்டு, மந்திரிக்கக் கூட்டிப்போகலாமா என்று வேறு கேட்கிறாய். தாயத்து கட்டிக்கொள்ளட்டும், அக்காவுக்கு அதில் ஆறுதல் என்றால் நான் குறுக்கே நிற்கவில்லை. ஆனால் அவனைக் குடைந்து குடைந்து கேட்காதே. அவன் எப்போது சொன்னாலும் நம்பு. அதைவிட முக்கியம், முதலில் அடி நிற்க வேண்டும். அடிக்கிற வீட்டிலேயே பிள்ளையை வைத்துக்கொண்டு எந்த டாக்டராலும் ஒன்றும் செய்ய முடியாது. பள்ளி விடுமுறைக்கு உன் வீட்டுக்கு அழைத்துக்கொள், மாமாவிடம் ஏதாவது சாக்குச் சொல்லிக்கொள்ளலாம். பிள்ளையைக் கொடுமைப்படுத்துவது பெற்றவனே ஆனாலும் 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டப்படி குற்றம், அக்காவுக்கு இது தெரிந்திருக்கட்டும். கை மீறினால் 1098, குழந்தைகளுக்கான உதவி எண். உனக்கே என்ன செய்வதென்று தெரியாவிட்டால் 14416-க்குக் கூப்பிடு, அரசின் மனநல உதவி எண், தமிழிலேயே பேசலாம், காசு கிடையாது.

புதுச்சேரி ஜிப்மர் ஆஸ்பத்திரியிலும் மனநலப் பிரிவு இருக்கிறது. அக்கா ஒத்துக்கொண்டால் நானே கூட வருகிறேன், காலையிலேயே போய்ச் சீட்டு போட வேண்டும். அவர் என்ன சொன்னார் என்று ஞாயிற்றுக்கிழமை ராத்திரி போன் பண்ணு. மாமா பக்கத்தில் இல்லாத நேரமாகப் பார்த்து அக்காவிடம் பேசு.

உன் பழைய பெஞ்சுக் கூட்டாளி