கலைச்சொல் தொகுப்பாளர்களுக்கு ஓர் உலைக்காரனின் மடல்

மதிப்பிற்குரிய தொகுப்பாளர்களே,

எஃகை உலையில் காய்ச்சிப் பக்குவப்படுத்துவது என் தொழில். உங்கள் அகராதிகளை வைத்துக்கொண்டே புதியவர்களுக்குக் கற்றுத்தருகிறேன்.

ஓர் உளியின் கதையைக் கேளுங்கள். செய்முறைத் தாளில் "பதப்படுத்தவும்" என்று இருந்தது. பயிற்சிக்கு வந்த இளைஞர் உளியைச் செக்கச் சிவக்கக் காய்ச்சி எண்ணெயில் முக்கிக் கொடுத்துவிட்டார். முதல் அடியிலேயே முனை சில்லாகத் தெறித்தது. நல்லவேளை, காப்புக் கண்ணாடி அணிந்திருந்தோம். தாள் கேட்டதோ, முக்கியபின் மிதமாக மறுபடி சூடேற்றுவதை. அவர் படித்த நூலில் அதே சொல் முக்குவதைக் குறித்தது. யாரைக் கோபிப்பது?

கரிம எஃகை 727 பாகை செல்சியசுக்கு மேல் காய்ச்சும்போது உள்ளமைப்பே மாறத் தொடங்கும். பிறகு அதை எப்படி ஆறவிடுகிறோம் என்பதில்தான் சூட்சுமம். உலைக்குள்ளேயே மெல்ல ஆறினால் மென்மையாகும். வெளிக்காற்றில் ஆறினால் எஃகின் உள்ளே இருக்கும் நுண்ணிய படிக மணிகள் சீராகும். நீரிலோ எண்ணெயிலோ சட்டென்று குளிர்ந்தால் கடினமாகும், கூடவே நொறுங்கவும் செய்யும். அப்படிக் குளிர்ந்ததை ஏறத்தாழ 150 முதல் 650 பாகைக்குள் மீண்டும் சூடேற்றினால் கடினம் சற்றே குறைந்து அடி தாங்கும். இந்த நான்குக்கும் பதப்படுத்தல், பதமாக்கல், பதனிடல் என்று மாற்றி மாற்றிப் போட்டிருக்கிறீர்கள். பதனிடல் தோலுக்கு அல்லவா?

உலையில் ஆறவிடல், காற்றில் ஆறவிடல், தோய்த்தல், மறுசூடு என்று தனித்தனியாகச் சொல்லலாமே. நீளம் என்று முகம் சுளிக்காதீர்கள். 'காற்றாற்றல்' என்று சுருக்கினால் காற்றாலை மின்சாரம் என்றுதான் படிப்பார்கள். தோய்ப்பதற்குக் கொல்லர்களிடம் துவைச்சல் என்ற சொல்லும் உண்டு. காய்ந்த இரும்பு நீரை உண்பதாகச் சங்கப் பாட்டே சொல்கிறது. இத்தனையும் கையில் இருக்கும்போது கடன்சொல் எதற்கு?

எல்லாவற்றையும் மொழிபெயர்க்கவும் வேண்டாம். தோய்த்த எஃகின் கடினமான உள்ளமைப்பைக் குறிக்கும் மார்ட்டென்சைட் என்பது அடால்ஃப் மார்ட்டென்ஸ் என்ற ஜெர்மானியரின் பெயரிலிருந்தும், காய்ச்சிய நிலையில் எஃகு கொள்ளும் உள்ளமைப்பைக் குறிக்கும் ஆஸ்டெனைட் என்பது ராபர்ட்ஸ்-ஆஸ்டென் என்ற ஆங்கிலேயரின் பெயரிலிருந்தும் வந்தவை. அவற்றை அப்படியே விட்டுவிடுங்கள். தாதுவை உருக்கி முதலில் எடுக்கும் இரும்பை 'பன்றி இரும்பு' என்று ஒரு பக்கத்தில் கண்டு சிரித்தேன். உருகிய இரும்பு ஓடும் முதன்மை வாய்க்காலும் அதிலிருந்து கிளைத்த அச்சுகளும், தாய்ப்பன்றியிடம் குட்டிகள் பால் குடிப்பதுபோல் தெரிந்ததால் ஆங்கிலத்தில் வந்த பெயர் அது. நமக்கு 'ஊதுலை இரும்பு' போதும். ஊதுலை, கசடு, இளக்கி மூன்றும் அருமையான சொற்கள். கேட்டவுடனே வேலை விளங்குகிறது.

அடுத்த பதிப்பு அச்சுக்குப் போகுமுன் உலோகப் பகுதியை மட்டும் ஒரு வாரம் பட்டறைக்கு அனுப்பிவையுங்கள். ஒவ்வொரு சொல்லுக்கும் எதிரே எவ்வளவு சூடு, எதில் ஆறுகிறது என்று நாங்களே எழுதித் தருகிறோம். ஓரங்களில் கரி படிந்திருந்தால் பொறுத்தருள்க.

இப்படிக்கு,
ஓர் உலைக்காரன்