கம்ப்யூட்டர் லேபில் பிள்ளைகள் விளையாடுவது பற்றி

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். "வீட்ல போனைப் பிடுங்கி வைக்கிறோம், ஸ்கூல்ல நீங்களே கேம் விளையாட விடுறீங்களே?" என்று போன வாரம் ஒரு அம்மா கேட்டார். நியாயமான கேள்வி. எல்லோருக்கும் சேர்த்தே பதில் எழுதுகிறேன்.

ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் விளையாடுவது 'தி எவல்யூஷன் ஆஃப் ட்ரஸ்ட்'. நிக்கி கேஸ் என்பவர் 2017இல் உருவாக்கி, இணையத்தில் இலவசமாக விட்டது. அரை மணி நேரத்தில் முடிந்துவிடும். ஒரு மெஷின், இரண்டு பேர். நீங்கள் ஒரு காசு போட்டால் எதிரில் இருப்பவருக்கு 3 காசு கிடைக்கும். அவர் போட்டால் உங்களுக்கு 3. போடாமல் ஏமாற்றவும் செய்யலாம். எதிராளிகளில் ஒருவர் எப்போதும் ஏமாற்றுவார். இன்னொருவர் நாம் செய்ததையே அடுத்த முறை நமக்குச் செய்வார். ராபர்ட் ஆக்ஸல்ராட் என்ற அமெரிக்கப் பேராசிரியர் 1980 வாக்கில் கணினி நிரல்களை இப்படி மோதவிட்டபோது, ஜெயித்தது இந்த இரண்டாவது ரகம்தான்.

அப்புறம் விளையாட்டில் ஒரு திருப்பம் வரும். காசு போட நினைத்தவரே தவறுதலாகப் போடாமல் விட்டுவிடுவார். உடனே இருவரும் மாறி மாறிப் பழிவாங்கத் தொடங்குவார்கள். அதைப் பார்த்த ஒரு மாணவி மௌஸிலிருந்து கையை எடுத்துவிட்டாள். "மிஸ், அவன் வேணும்னு பண்ணலையே!" பக்கத்துப் பெண் விடவில்லை: "அது இவனுக்கு எப்படித் தெரியும்?" வீட்டுக்குக் கிளம்பும்போது சைக்கிள் ஸ்டாண்டிலும் அதே வாக்குவாதம். பிறர் மனதை நாம் எப்படி அறிவது, எத்தனை முறை மன்னிப்பது? தத்துவம் படித்தவர்கள் காலங்காலமாகக் கேட்கும் கேள்விகள் இவை. நான் பலகையில் எழுதிப் போட்டிருந்தால் பாதிப்பேர் கொட்டாவி விட்டிருப்பார்கள்.

வைகுண்ட ஏகாதசி இரவில் கண்விழித்துப் பரமபதம் ஆடிய நமக்கு இது புதிதல்ல. புண்ணியத்துக்கு ஏணி, பாவத்துக்குப் பாம்பு. ஆனால் அங்கே ஏணியா பாம்பா என்பதைத் தாயக்கட்டை முடிவு செய்யும். இங்கே பிள்ளையே முடிவு செய்கிறது. எனக்கு இந்த வித்தியாசம் பெரிதாகப் படுகிறது.

தத்துவம் பேசும் எல்லா கேமும் பிள்ளைகளுக்கு ஏற்றவை அல்ல. 2007இல் வந்த 'பயோஷாக்' சுயநலத்தை மட்டுமே நம்பிய ஒரு நகரம் சீரழிவதைக் காட்டுகிறது. ஆனால் ரத்தம் அதிகம். அது லேபில் வராது.

வரும் சனிக்கிழமை காலை 10 மணிக்கு லேபுக்கு வாருங்கள். தாத்தா பாட்டியையும் அழைத்து வரலாம். உங்கள் பிள்ளையோடு உட்கார்ந்து விளையாடுங்கள். பிள்ளை ஏமாற்றினால் திட்ட வேண்டாம்; "ஏன் அப்படிச் செஞ்சே?" என்று மட்டும் கேளுங்கள், பதிலைப் பொறுமையாகக் கேளுங்கள்.

லேபில் 20 கணினிகள்தான் இருக்கின்றன. வருவோர் வியாழக்கிழமைக்குள் டைரியில் எழுதி அனுப்பிவிடுங்கள்.

அன்புடன்,
தலைமையாசிரியர்
பெரம்பூர், சென்னை