21 வயதானால் வரிசையை விட்டு வெளியே போ என்பது என்ன சட்டம்?

மாண்புமிகு அமெரிக்கக் காங்கிரஸ் உறுப்பினர்களுக்கு,

வணக்கம். ஆங்கிலத்தில் எங்களில் பலரும் எழுதி அலுத்துவிட்டோம். கோபத்தை அடக்கி எழுத எனக்குத் தாய்மொழிதான் வசதி.

கிரீன் கார்டு வரிசையைப் பற்றி உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. வரிசையைப் போட்டதே நீங்கள்தான். 1990ஆம் ஆண்டுச் சட்டப்படி வேலை வழியாக வருவோருக்கு ஆண்டுக்கு 1,40,000 இடங்கள், மனைவி பிள்ளைகளையும் சேர்த்து. எந்த நாட்டில் பிறந்தவர்களுக்கும் 7 சதவீதத்துக்கு மேல் கிடையாது. ஐஸ்லாந்துக்கும் 7, இந்தியாவுக்கும் 7. மற்றவர்கள் எடுத்தது போக மிச்சம் இருந்தால் எங்களுக்குக் கொஞ்சம் கூடும். என் பிரயாரிட்டி டேட், அதாவது வரிசையில் நான் இடம் பிடித்த தேதி, 2015 மார்ச். அன்று என் மகளுக்கு வயது 10.

சென்ற மாதம் அவளுக்கு 21 முடிந்தது. கேக் வெட்டினோம். அன்றோடு அவளுடைய எச்-4 போயிற்று. எங்களைச் சார்ந்து இங்கே இருக்கப் பிள்ளைகளுக்குத் தரும் விசா அது, 21 வயது வரைதான்.

ஐந்து வயதில் வந்தவள். படிப்பைத் தொடர எஃப்-1 என்ற மாணவர் விசாவுக்கு மாற வேண்டும். மாற வேண்டுமானால், படிப்பு முடிந்ததும் 'சொந்த நாட்டுக்கு'த் திரும்பிவிடுவேன், அங்கே எனக்கு இருப்பிடம் இருக்கிறது என்று காட்ட வேண்டும். வக்கீல் ஆதாரம் கேட்டார். திருமங்கலத்தில் என் அப்பாவின் வீட்டு வரி ரசீதை வரவழைத்தேன். 'என் பேத்தி படிப்பு முடிந்து என் வீட்டில்தான் வந்து இருப்பாள்' என்று அப்பாவிடம் ஒரு கடிதமும் எழுதி வாங்கினேன். மகள் அதை வாங்கிப் பார்த்தாள். தமிழ் படிக்க வராது. நான்தான் வாசித்துக் காட்டினேன். "தாத்தா வீட்ல எனக்கு எந்த ரூம்?" என்று கேட்டாள். திரும்பி வர விசா ஸ்டாம்பிங் கிடைக்காமல் அங்கேயே மாட்டிக்கொள்வோமோ என்ற பயத்தில் அந்த வீட்டுக்கு அவளை மூன்றே முறைதான் கூட்டிப் போயிருக்கிறேன். போனில் அப்பா கேட்டது இன்னும் மோசம்: "நெசமாவே வந்துருவாளாப்பா?"

இந்தக் கேள்விக்கு நான் என்ன பதில் சொல்வது? நீங்களே சொல்லிக்கொடுங்கள்.

21 தாண்டிய பிள்ளைக்குப் பெற்றோரின் கிரீன் கார்டு மனுவில் இடமில்லை. 2002இல் பிள்ளைகளின் வயதைக் காக்கவென்றே ஒரு சட்டம் போட்டீர்கள். மனு பரிசீலனையில் இருந்த சில மாதங்களை அது வயதிலிருந்து கழிக்கிறது. வரிசையில் நின்ற ஆண்டுகளைக் கழிப்பதில்லை. நான் கேட்பது ஒன்றுதான்: பெற்றோரின் மனு தாக்கலான அன்று பிள்ளைக்கு என்ன வயதோ, அதையே வைத்துக்கொள்ளுங்கள்.

என் பக்கத்து இருக்கைக்காரர் எனக்கு ஓராண்டு பின்னால் வரிசைக்கு வந்தவர். அவரும் தமிழர், அதே வேலை. ஆனால் பிறந்தது சிங்கப்பூரில். மூன்றே ஆண்டில் அவர் கையில் கிரீன் கார்டு. என் அம்மா பிரசவத்துக்கு மதுரைக்குப் போகாமல் கப்பலேறியிருக்கலாம், என்ன செய்வது.

பிறந்த இடத்தைப் பார்ப்பது உங்களுக்குப் புதிதா என்ன? முதல் உலகப் போரில் உங்கள் ராணுவச் சீருடை அணிந்தவர், பஞ்சாபிலிருந்து வந்த பகத் சிங் திந்த். நீ வெள்ளையன் அல்ல, குடியுரிமை கிடையாது என்று அவரிடம் 1923இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. 1946இல் மனமிரங்கி இந்தியாவுக்கு ஆண்டுக்கு 100 பேர் என்று கொடுத்தீர்கள். அந்தச் சட்டத்தின் பெயரில் சேர்ந்திருக்கும் இமானுவேல் செல்லர், திந்த் தோற்ற அதே 1923இல் உங்கள் அவைக்குள் நுழைந்தவர். மறு ஆண்டே வந்த நாட்டுவாரி ஒதுக்கீட்டுச் சட்டத்தை எதிர்த்தார். அதை ஒழித்த 1965ஆம் ஆண்டுச் சட்டத்திலும் அவர் பெயர் இருக்கிறது. சுதந்திர தேவி சிலையின் காலடியில் அமர்ந்து அதிபர் ஜான்சன் கையெழுத்திட்டது அதில்தான். நாங்கள் இங்கே வந்ததே அந்தக் கையெழுத்தின் புண்ணியத்தில். நன்றி மறக்கவில்லை. ஆனால் ஒரு மனிதர் 41 ஆண்டுகள் மல்லுக்கட்டி வாசல் வழியாக வெளியேற்றியதை, 7 சதவீதம் என்ற பெயரில் ஜன்னல் வழியாக உள்ளே விட்டுவிட்டீர்களே.

2019இல் பிரதிநிதிகள் அவை அந்த உச்சவரம்பை நீக்க 365க்கு 65 என்று வாக்களித்தது. 2020 டிசம்பரில் செனட்டும் தன் பங்குக்கு ஒன்றை நிறைவேற்றியது. இரண்டையும் ஒன்றாக்க மட்டும் யாருக்கும் நேரமில்லை. இரண்டு கட்சியும் ஒத்துப்போகும் விஷயம் கிடைப்பதே அபூர்வம். கிடைத்ததையும் கோட்டை விட்டால் எப்படி?

சரி, சண்டை போட வரவில்லை. உச்சவரம்பை இப்போதே எடுக்க முடியாவிட்டாலும் பரவாயில்லை, நான் நின்றுகொள்கிறேன், நின்று பழகிவிட்டது. பிள்ளைகளின் வயதை மட்டும் மனு தாக்கலான தேதியில் நிறுத்துங்கள். 2021இல் இரு கட்சியினரும் சேர்ந்து கொண்டுவந்த மசோதாவிலேயே இந்த யோசனை இருக்கிறது. புதிதாக எழுதக்கூட வேண்டாம். அதை எடுத்து வாக்கெடுப்புக்கு விடுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
2015 மார்ச்சில் வரிசைக்கு வந்த ஒரு தகப்பன்

பி.கு.: அப்பா மாடி அறைக்கு வெள்ளையடித்துவிட்டாராம்.