நெடுந்தீவு மேற்குச் சனங்களுக்கும், பெயர் சொல்லாமல் போன கருவாட்டு அண்ணைக்கும்

அம்மா நேற்றுப் பின்னேரம் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்துவிட்டார். வந்ததும் தேத்தண்ணி கேட்டார். குடித்து முடித்து, "அந்தச் சிவப்புக் குதிரைக்கு இப்ப ஆர் தண்ணி வைக்கினம்?" என்றார். சரி, ஆள் தேறிவிட்டார் என்று எனக்கு அப்போதுதான் நம்பிக்கை வந்தது. என் கை நடுக்கம் இன்னும் முழுதாக நிற்கவில்லை. இருந்தாலும் இன்றே எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

அன்று விடியற்காலை அம்மாவுக்குத் திடீரென்று ஏலாமல் போனது உங்களுக்குத் தெரியும். பாதிப்பேர் எங்கள் முற்றத்தில்தான் நின்றீர்கள். அதைத் திரும்ப எழுத எனக்குத் தெம்பில்லை. ஆனால் படகு வெளிக்கிட்ட பிறகு நடந்த ஒன்று உங்களில் பலருக்குத் தெரியாது.

ஆடிமாதக் கச்சான் காற்று எப்படி அடிக்கும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. வேலணை, புங்குடுதீவு வரைக்கும் கடலுக்குள் ரோட்டுப் போட்டிருக்கிறார்கள். அங்கிருந்து நெடுந்தீவுக்கு வரக் கடலைத் தவிர வேறு வழியில்லை. புங்குடுதீவுப் பக்கத்துத் துறையான குறிகட்டுவானுக்குப் படகில் ஒரு மணித்தியாலம். படகின் உட்பக்கம் டீசல் மணமும் வெக்கையுமாக இருந்தது, அம்மாவுக்கு மூச்சு முட்டியது. மேல்தட்டில் பாய் விரித்துக் கிடத்தினோம். துறையைத் தாண்டியதும் முதல் அலை அவருடைய முகத்திலேயே வந்து விழுந்தது.

எங்களோடு ஏறிய ஒருவர் ஒரு சாக்கை நீலத் தறப்பாளால் மூடிக் கயிறு கட்டி, அதில் சாய்ந்துகொண்டிருந்தார். ஐம்பது வயதிருக்கும். சாரத்தை மடித்துக் கட்டியிருந்தார். அலை அடித்ததும் அந்தக் கயிற்றை அவிழ்த்தார். என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. தறப்பாளின் இரண்டு மூலைகளைப் படகின் கம்பியில் முடிந்தார், ஒன்றைக் காலால் மிதித்துக்கொண்டார், மற்றதைக் கையில் பிடித்துக் காற்றுக்கு முதுகைக் கொடுத்து நின்றார். அம்மாவின் முகத்துக்கு மேலே ஒரு சின்னக் கூடாரம். நீலவெளிச்சத்தில் அம்மா கண்ணைத் திறந்து பார்த்தார்.

அந்த அண்ணை ஒரு மணித்தியாலமும் அப்படியே நின்றார். முதுகில் அலை விழுந்து தெறித்தது. முழங்கை நடுங்கியது. ஒருதரம் கண்ணில் உப்பு எரிந்திருக்க வேண்டும், மூலையைப் பல்லால் கடித்துக்கொண்டு கையால் முகத்தைத் துடைத்தார். நான் மாறிப் பிடிக்கட்டுமா என்றேன். "நீங்கள் ஆச்சியின்ர கையைப் பிடியுங்கோ தங்கச்சி. இது எனக்குப் பழக்கம்."

குறிகட்டுவானில் அவர் சாக்கைத் தூக்கியபோது தண்ணீர் வடிந்தது. மணத்தில்தான் அது கருவாடு என்று புரிந்தது. யாழ்ப்பாணத்துக்கு விற்கக் கொண்டுபோன சரக்கு. நனைந்த கருவாட்டுக்கு யார் விலை கொடுப்பார்கள்? நான் காசை எடுத்து நீட்டினேன். நினைத்தால் இப்போது கூச்சமாக இருக்கிறது, அந்த நேரம் வேறொன்றும் தோன்றவில்லை. அவர் சிரித்தார். "உப்புத் தண்ணிதானே தங்கச்சி. கருவாட்டுக்கு உப்புப் புதுசே?"

பெயரைக் கேட்பதற்குள் அம்புலன்ஸ் கதவைச் சாத்திவிட்டார்கள்.

மற்றவர்களையும் மறக்கவில்லை. லாண்ட்மாஸ்டர் உழவு மெசினில் மெத்தை போட்டுத் துறை வரைக்கும் கொண்டுவந்த தம்பி, தீவு ஆஸ்பத்திரியின் டொக்டரும் மிஸ்மாரும், எங்களுக்காகப் படகைப் பிடித்து வைத்த படகுக்காரர்கள், யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரி வார்ட்டில் இராத்திரி எனக்குச் சாப்பாடு பங்கிட்ட பக்கத்துக் கட்டில் குடும்பம், கோயிலில் நேர்த்தி வைத்தவர்கள், தேவாலயத்தில் மெழுகுதிரி கொளுத்தியவர்கள், வீட்டுத் திறப்பை வாங்கிப் பூட்டிய அக்கா. உங்கள் எல்லோருக்கும் நன்றி.

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். பதினொரு வயதில் விட்டுப்போன ஊரில் நாற்பது நாள் சும்மா இருக்க வேண்டும் என்று அம்மா கேட்டபோது எனக்கு எரிச்சல்தான் வந்தது. முதல் கிழமை முழுக்கப் புறுபுறுத்தேன். கிணற்றுத் தண்ணீர் உவர், சாராப்பிட்டிப் பக்கமிருந்து நல்ல தண்ணீர் வரும் வரை காத்திருக்க வேணும், கடைக்குப் போனால் கதை முடிந்துதான் சாமான் வரும். எதைக் கேட்டாலும் "ஆறுதலாச் செய்வம்" என்றீர்கள். அம்மாவோ முருகைக்கல், அதுதான் பவளக்கல், அடுக்கிய வேலியைப் பார்த்தபடி மணிக்கணக்காக இருந்தார். சீமெந்து இல்லை, கல்லுக்கு மேல் கல், அவ்வளவுதான். "காத்துப் போக ஓட்டை விட்டிருக்கு, அதுதான் விழாமல் நிக்குது" என்பார். மத்தியானத்தில் குதிரைகள் வந்து அந்த வேலியோரம் தலையை நீட்டும். அண்டாவில் அவர் ஊற்றும் தண்ணீரைச் சத்தமில்லாமல் உறிஞ்சிவிட்டுப் போகும். அவருக்கு அன்றைய நாளின் வேலை அது.

மூன்றாம் கிழமை நானும் மணிக்கூட்டைக் கழற்றி வைத்தேன். படகுச் சத்தம் கேட்டால் காலை, திரும்பக் கேட்டால் பின்னேரம். அப்புறம்தான் அந்த விடியற்காலை வந்தது. ஆறுதலான சனம் என்று நான் நினைத்திருந்தவர்கள், நான் செருப்பைத் தேடி முடிப்பதற்குள் வாகனம், மெத்தை, படகு எல்லாம் ஆயத்தம் செய்துவிட்டீர்கள். நான் ஓடியோடி உழைக்கிற நகரத்தில் அப்படி ஒரு வேகத்தை நான் பார்த்ததில்லை.

நாற்பதில் இன்னும் பத்தொன்பது நாள் பாக்கி இருக்கிறது. பங்குனியில் கடல் அடங்கியதும் அம்மாவோடு வந்து அதை இருந்து தீர்ப்பேன். இனி எந்தப் படகில் ஏறினாலும் காற்று அடிக்கிற பக்கத்தில்தான் உட்காருவது என்றும் முடிவெடுத்திருக்கிறேன்.

கருவாட்டு அண்ணையைத் தெரிந்தவர்கள் அவரிடம் சொல்லுங்கள்: அம்மாவின் காலடியில் சுருட்டி வைத்த தறப்பாள் எங்களிடம் பத்திரமாக இருக்கிறது. கழுவிக் காயப்போட்டிருக்கிறோம். ஒரு மூலையில் பல்லுத்தடம் இருக்கிறது, அது போகவில்லை.

அப்புறம், வேலியோரத்து அண்டாவில் யாராவது தண்ணீர் ஊற்றிவிடுங்கள். அம்மா இன்று காலையும் கேட்டார்.