சேது நாணயம் என்று விற்ற போலிக் காசும் நீங்கள் தந்த சான்றிதழும்: முறைப்பாடு

வெள்ளவத்தை,
கொழும்பு 06.

முகாமையாளர் அவர்கட்கு,

கடந்த மாதம் பம்பலப்பிட்டியில் உள்ள உங்கள் விற்பனை நிலையத்தில் 48,500 ரூபா கொடுத்து ஒரு செப்புக் காசு வாங்கினேன். பற்றுச்சீட்டில் "யாழ்ப்பாண அரசர் கால சேது நாணயம், அசல்" என்று உங்கள் ஊழியர் எழுதித் தந்தார். பொன்னிற முத்திரை ஒட்டிய சான்றிதழ் ஒன்றும் தந்தீர்கள். அந்தக் காசு போலி. இதைச் சொல்ல மூன்று தடவை நேரில் வந்தேன், இரண்டு தடவை தொலைபேசியில் கதைத்தேன். ஒழுங்கான பதில் கிடைக்காதபடியால் எழுத்தில் தருகிறேன்.

எதற்கு வாங்கினேன் என்பதை முதலில் சொல்ல வேண்டும். என் அப்பாவுக்கு வயது 84. சின்ன வயதிலிருந்தே பழங்காசு சேர்த்தவர். தோட்டம் கொத்தும்போது மண்ணில் வந்தது, கடைக்காரர் கல்லாவில் ஒதுக்கி வைத்துக் கொடுத்தது என்று ஒவ்வொன்றாகச் சேர்த்து ஒரு பிஸ்கட் தகரத்தில் வைத்திருந்தார். ஒல்லாந்தர் துட்டு இருந்தது, விக்டோரியா மகாராணியின் தலை போட்ட 1870ஆம் ஆண்டுச் சதம் இருந்தது. எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு சேதுக் காசு. 1995 ஒக்டோபரில் போரால் யாழ்ப்பாணத்தின் வலிகாமத்தை விட்டு எல்லோரும் வெளிக்கிட்டபோது அந்தத் தகரம் வீட்டிலேயே நின்றுவிட்டது. பிறகு போய்ப் பார்த்தபோது வீட்டுக்குக் கூரையே இல்லை. தகரத்தை எங்கே தேடுவது?

அவருடைய உள்ளங்கையில் மறுபடியும் ஒரு சேதுக் காசை வைக்க வேண்டும் என்பது என் பல வருட ஆசை. உங்கள் கண்ணாடிப் பெட்டியில் அதைக் கண்டபோது விலையைப் பற்றி நான் இரண்டாம் பேச்சுப் பேசவில்லை. அன்று பின்னேரமே அப்பாவிடம் கொடுத்தேன். அவருக்கு இப்போது கண் மங்கல். பெருவிரலால் இரண்டு பக்கமும் தடவினார், விளிம்பைச் சுற்றித் தடவினார், திருப்பி என் கையிலேயே வைத்துவிட்டார்.

"உது பழங்காசு இல்லைத் தம்பி. சவர்க்காரம் மாதிரி வழுக்குது."

சரி, வயதானவர், விரலில் உணர்ச்சி குறைந்திருக்கும் என்று நினைத்தேன். பிறகு மேசை விளக்கின் கீழே பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். நான் 31 வருடம் அச்சகங்களில் எழுத்துப்பிழை திருத்தியவன். ஒரு பக்கத்தில் நிற்கும் அரசன், மறுபக்கத்தில் படுத்திருக்கும் நந்தி, நந்திக்குக் கீழே 'சேது' என்ற சொல். அந்தச் சொல்லைப் பார்த்தவுடனேயே எனக்கு விஷயம் விளங்கிவிட்டது. முதல் எழுத்துக்கு முன்னால் மேலே சுழித்த இரட்டைக் கொம்பு, நாம் இன்று எழுதும் அதே கொம்பு, சுத்தமாக வெட்டப்பட்டிருந்தது.

நெட்டெழுத்துக்கு மேற்சுழி போட்ட கொம்பு பழைய தமிழ் எழுத்தில் இல்லை. கல்வெட்டிலும் ஓலையிலும் 'செ'யும் 'சே'யும் ஒரே ஒற்றைக் கொம்புதான். இடத்தைப் பார்த்துக் குறிலா நெடிலா என்று வாசித்துக்கொள்வார்கள். இரண்டையும் பிரித்துக் காட்ட மேற்சுழி கொடுத்தவர் வீரமாமுனிவர், அது 18ஆம் நூற்றாண்டில். நல்லூரைத் தலைநகராகக் கொண்ட யாழ்ப்பாண அரசு போர்த்துக்கேயரிடம் வீழ்ந்தது 1619இல். அரசு போய் நூறு வருடத்துக்குப் பிறகு வந்த ஒரு கொம்பு, அந்த அரசர் அடித்த காசில் எப்படி வந்தது? உண்மையான சேதுக் காசை இன்று நாம் எழுத்துக்கூட்டி வாசித்தால் 'செது' என்றுதான் வரும். அடுத்த நாள் கோட்டைக்குப் போய், சதாம் வீதியில் மத்திய வங்கியின் பொருளாதார வரலாற்று நூதனசாலையில் இருக்கும் பழங்காசுகளையும் நின்று பார்த்துவிட்டு வந்தேன். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தாலே போதும். கையால் அடித்த காசுக்கு ஒரு முரட்டுத்தனம் உண்டு. உருவம் ஒரு பக்கம் ஒதுங்கியிருக்கும், சில இடத்தில் அச்சு வில்லைக்கு வெளியே போயிருக்கும். நீங்கள் தந்ததில் நந்தி நட்டநடுவில் படுத்திருக்கிறது, ஆனால் அதன் கண்ணும் திமிலும் மெழுகு உருகினது போல மழுங்கிக் கிடக்கின்றன.

அப்புறம் உங்கள் சான்றிதழை எடுத்து வாசித்தேன். காசை விட அதுதான் என்னைக் கூடுதலாக நோகடித்தது. "ஆரியச்சக்கரவர்த்திகள் காலம், கி.பி. 1050" என்று அதில் இருக்கிறது. ஆரியச்சக்கரவர்த்திகள் யாழ்ப்பாணத்தில் ஆட்சிக்கு வந்தது 13ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில். 1050இல் இந்தத் தீவின் பெரும்பகுதி சோழர் கையில் இருந்தது. அடுத்த வரியில் "கார்பன் பரிசோதனை மூலம் வயது உறுதி செய்யப்பட்டது" என்கிறீர்கள். கார்பன் பரிசோதனை உயிருள்ளவையாக இருந்த பொருளுக்குத்தான் செய்யலாம். மரம், எலும்பு, துணி, கரி போன்றவற்றுக்கு. வெறும் செப்பு வில்லையின் வயதை அதனால் சொல்லவே முடியாது. இதை யார் செய்தார்கள், எங்கே செய்தார்கள் என்று கேட்டேன். "எங்கட நிபுணர் குழு" என்றார் உங்கள் ஊழியர். கீழே ஒரு கையெழுத்துக் கிறுக்கல் இருக்கிறது. பெயரும் இல்லை, பதவியும் இல்லை, திகதியும் இல்லை.

வெளிநாடுகளில் நாணயங்களைத் தரம்பார்த்துப் பிளாஸ்டிக் உறையில் அடைத்துக் கொடுக்கும் நிறுவனங்கள் இருக்கின்றன. அங்கே விற்பவர் வேறு, சோதிப்பவர் வேறு. உறையில் உள்ள இலக்கத்தை யாரும் இணையத்தில் போட்டுப் பார்க்கலாம். அதிலும் போலி உறைகள் வருகின்றன என்பது வேறு விஷயம். உங்கள் சான்றிதழோ நீங்கள் விற்ற பொருளுக்கு நீங்களே சொன்ன சாட்சி. அதில் உள்ள இலக்கத்தை ஒப்பிட்டுப் பார்க்க எந்த ஏடும் இல்லை என்று உங்கள் ஊழியரே ஒத்துக்கொண்டார்.

என் சொல்லை மட்டும் நம்ப வேண்டாம் என்று செட்டியார் தெருவில் எங்களுக்கு நெடுநாள் தெரிந்த, நகை செய்யும் பத்தரிடம் கொண்டு போனேன். அவர் காசை நிறுத்தார், 4.10 கிராம். பிறகு சின்னக் கிண்ணத்தில் தண்ணீர் விட்டுத் தராசில் வைத்து, அதைப் பூச்சியமாக்கி, காசை நூலில் கட்டி அடியில் முட்டாமல் தண்ணீருக்குள் இறக்கினார். தராசு 0.60 காட்டியது. அந்த எடைக்குச் செப்பு என்றால் 0.46 அளவில்தான் காட்ட வேண்டும், ஏனென்றால் செப்பின் அடர்த்தி 8.96. இந்தக் காசின் அடர்த்தி 6.8 மட்டும். மண்ணில் கிடந்து அரித்த காசு, கலப்புள்ள செப்பு என்றால் கொஞ்சம் இறங்கும் என்று பத்தர் சொன்னார். ஆனால் உங்கள் காசில் அரிப்பே இல்லை, இந்த அளவுக்கு இறங்க வழியும் இல்லை. நாகம் (துத்தநாகம்) கலந்த மலிவான உலோகத்துக்குத்தான் இந்தக் கணக்கு வரும் என்றார்.

உரைகல்லை எடுக்க முன்னர் என்னிடம் அனுமதி கேட்டார். அசல் காசு என்றால் உரசினால் மதிப்புப் போய்விடும் என்ற கவனம் அவருக்கு இருந்தது. நான் சரி என்ற பிறகு விளிம்பை மெதுவாக ஒரு இழு இழுத்தார். முதலில் செம்மையாக ஒரு கோடு விழுந்தது. அதே இடத்தில் இரண்டாம் தடவை இழுத்தபோது கோடு வெளுத்துச் சாம்பல் நிறமாக வந்தது. மேலே செப்புப் பூச்சு, உள்ளே வேறு உலோகம். விளிம்பைச் சுற்றி மயிரிழை போல ஓடிய பொருத்துக் கோட்டையும் காட்டினார். இரண்டு பாதி அச்சைச் சேர்த்து வார்க்கும்போது வருகிற கோடு அது. அரம் போட்டுத் தேய்த்திருக்கிறார்கள், முழுதாகப் போகவில்லை. எல்லாம் பார்த்து முடித்துவிட்டு ஒரு சதமும் வாங்க மறுத்துவிட்டார்.

பச்சைக் களிம்பையும் சொல்ல வேண்டும். நகப்பூச்சு அழிக்கும் அசிட்டோனைப் பஞ்சில் தொட்டு மெதுவாக ஒற்றினேன். பஞ்சு பச்சையாகிவிட்டது. பல நூறு வருடம் மண்ணில் கிடந்து வளர்ந்த களிம்பு அசிட்டோனுக்குக் கரையாது. கரைந்தது பெயின்ட்.

இதையெல்லாம் எடுத்துக்கொண்டு உங்களிடம் வந்தபோது நான் கண்டதைத்தான் இந்தக் கடிதத்தில் முக்கியமாகப் பதிய விரும்புகிறேன். அதே கண்ணாடிப் பெட்டியில் இன்னும் நான்கு சேதுக் காசுகள் இருந்தன. என்னுடையதில் அரசனின் இடது பக்க விளிம்பில் அரிசி மணி அளவில் ஒரு வெட்டு இருக்கிறது. பெட்டியில் இருந்த இரண்டு காசுகளில் அதே இடத்தில், அதே அளவில், அதே சாய்வில் அந்த வெட்டு இருந்தது. அடிக்கும் அச்சில் ஒரு கீறல் இருந்தால் அந்த அச்சில் அடித்த எல்லாக் காசிலும் அது வரும், அதை நான் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் இது காசு அடித்த பிறகு, யாரோ கீழே போட்டதாலோ மண்வெட்டி பட்டதாலோ விளிம்பில் விழுந்த காயம். மூன்று காசுக்கு ஒரே காயம் படாது. காயம்பட்ட ஒரு காசை வைத்து அச்சு எடுத்து, அதிலிருந்து வார்த்தால்தான் இப்படி வரும். இதை உங்கள் ஊழியருக்கு விரலால் தொட்டுக் காட்டினேன். அவர் பெட்டியைப் பூட்டிவிட்டு உள்ளே போனார். அடுத்த தடவை வந்தபோது அந்த நான்கும் அங்கே இல்லை.

உங்கள் பக்கத்திலிருந்து எனக்குக் கிடைத்த பதில்கள் இவை. நான் காசைக் கழுவிவிட்டேனாம், அதனால் திருப்பி எடுக்க மாட்டீர்களாம். பெயின்ட் கரைந்ததற்கு நான் எப்படிப் பொறுப்பு? பிறகு, சான்றிதழ் இருக்கும்போது ஏன் சந்தேகம் என்று கேட்டார்கள். கடைசியாக, பணத்துக்குப் பதிலாக வேறொரு காசு தருகிறோம், அது ஒரு லட்சம் பெறும் என்று ஒன்றை எடுத்துக் காட்டினார்கள். கிழக்கிந்தியக் கம்பெனி, 1818, ஓரணா என்று ஆங்கிலத்தில் பொறித்து, மறுபக்கத்தில் இராமர் பட்டாபிஷேகம் போட்ட காசு. காந்தம் போல அரிசியை இழுக்கும் அபூர்வ சக்தி அதற்கு இருக்கிறது என்றும் மெல்லிய குரலில் சொன்னார்கள்.

சுவாமி உருவம் இருப்பதால் மட்டும் அதைப் போலி என்று சொல்லவில்லை. கம்பெனி சென்னையில் அடித்த வராகனில் விஷ்ணு உருவம் உண்டு. ஆனால் பிரித்தானிய இந்தியாவில் ஓரணாக் காசு அடிக்கத் தொடங்கியதே 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், ஏழாம் எட்வர்ட் மன்னர் காலத்தில். 1818இல் கம்பெனியின் ஓரணாக் காசு என்று ஒன்று இல்லை. இப்படிப்பட்ட வில்லைகளைக் கோயில் வாசலில் சில்லறைக்கு விற்கிறார்கள். வீட்டில் பூசைக்கு வைப்பவர்கள் வைக்கட்டும், அதில் பிழை இல்லை. ஆனால் அரிசி இழுக்கும் என்ற கதையை நம்பித் தமிழ்நாட்டில் எத்தனையோ பேர் லட்சக்கணக்கில் பணத்தைத் தொலைத்திருக்கிறார்கள். அந்தக் கதையை உங்கள் கவுண்டரில் நின்று ஒரு இளம்பிள்ளை சொல்வதைக் கேட்டபோது எனக்கு மனது பதறியது. அந்தப் பிள்ளைக்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள்?

இன்னொன்றும் இருக்கிறது. இதைக் கனடாவில் உள்ள தம்பிக்கு அனுப்பலாமா என்று வாங்கும்போது கேட்டேன். "எங்கட சான்றிதழே போதும்" என்றார்கள். 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருட்கள் கட்டளைச் சட்டப்படி 1815 மார்ச் 2க்கு முந்திய பொருள் தொல்பொருள். தொல்பொருளியல் பணிப்பாளர் நாயகத்தின் அனுமதிப்பத்திரம் இல்லாமல் அதை நாட்டுக்கு வெளியே அனுப்ப முடியாது. ஆக, காசு அசல் என்றால் உங்கள் வாக்கு பிழை, காசு போலி என்றால் உங்கள் சான்றிதழ் பிழை. விமான நிலையத்தில் மாட்டுப்படப் போவது உங்களை நம்பி வாங்கியவர்தான்.

உங்களுக்கு இவற்றைக் கொடுத்தவர் உங்களையே ஏமாற்றியிருக்கலாம். அதற்கு இடம் வைத்தே எழுதுகிறேன். அப்படியென்றால் நான் எடுத்துச் சொன்ன முதல் நாளே பெட்டியைத் திறந்து நீங்களும் பார்த்திருக்க வேண்டும்.

என் 48,500 ரூபாவையும் முழுதாகத் திருப்பித் தர வேண்டும். பண்டமாற்று வேண்டாம், கழிவும் வேண்டாம். இந்தச் சான்றிதழோடு சேதுக் காசு வாங்கிய மற்றவர்களின் பெயர் உங்கள் பற்றுச்சீட்டுப் புத்தகத்தில் இருக்கும். அவர்களுக்கும் நீங்களே அறிவிக்க வேண்டும். யார் சோதித்தார், எந்த முறையில் சோதித்தார் என்று பெயரோடு எழுத முடியாத எந்தத் தாளையும் 'உறுதி' என்ற சொல்லைப் போட்டு இனிமேல் கொடுக்கக் கூடாது. இந்தக் கடிதம் கிடைத்து 14 நாட்களுக்குள் எழுத்தில் பதில் வராவிட்டால், 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு முறைப்பாடு கொடுப்பேன். அந்தச் சபையின் 1977 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு எடுத்து என்னென்ன ஆவணம் வேண்டும் என்று ஏற்கெனவே கேட்டுவிட்டேன். பற்றுச்சீட்டு, சான்றிதழ் ஆகியவற்றின் பிரதிகளையும், காசின் விளிம்பையும் எழுத்தையும் பெரிதாக்கி எடுத்த படங்களையும் இத்துடன் வைத்திருக்கிறேன்.

காசைத் தபாலில் அனுப்ப மாட்டேன். நேரில் கொண்டு வருவேன். பணத்தைத் தந்த பிறகு அதை என் முன்னாலேயே குறுக்கே வெட்டிவிட வேண்டும். அது மறுபடி அந்தக் கண்ணாடிப் பெட்டிக்குள் போகக் கூடாது.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்